மரியாளுக்குக் கொடுத்த குரல்

நாட்றாம்பாளையம்
11.06.2025

அன்புள்ள ஷரீஃபாக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நான் நலம். நீங்களும் அண்ணனும் மகள் இரமும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். இந்த மலையில் டவர் கிடையாது. பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால் ஒரு கோடு வரும், பேச வாயெடுப்பதற்குள் போய்விடும். உங்கள் போனோ வீட்டில் மூன்று பேர் கையில் சுற்றுகிறது. அதனால்தான் கடுதாசி, அதுவும் உங்கள் தையல் கடை விலாசத்துக்கு. போன மாதம் போட்டதற்குப் பதிலே இல்லை. ஓசூர் கம்பெனியில் ஒரே லைனில் எட்டு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒயர் சொருகினவர்கள் நாம். இரண்டு வரி எழுத உங்களுக்கு நேரமில்லையா அக்கா?

சங்கதிக்கு வருகிறேன். நம் இயேசு படத்தை ஊர் ஊராக ஓட்ட ஆரம்பித்துவிட்டேன். இதில் முன்பு போட்டிருந்த தமிழைக் கேட்டு இங்கே ஜனங்கள், "ரேடியோவுல நியூஸ் படிக்கிறாங்க" என்று பாதியில் எழுந்து போனார்கள். நான் பேசினால் என் கோவில்பட்டி வாயைக் கேட்டே சிரிப்பார்கள். பேரிகைப் பேச்சு வேண்டுமென்று, மரியாளுக்குக் குரல் கொடுக்க மார்ச் மாதம் உங்களைக் கெஞ்சினது வீண் போகவில்லை. மரியாள் வாயைத் திறந்ததும் முன்வரிசையில் ஒரு கிழவி, "நம்மூட்டுப் பொம்பள மாதிரியே பேசுது பாரு" என்றாள். ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்கள் கூட நின்று பார்த்தார்கள்.

ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. சிலுவை வருகிற இடத்தில் மரியாள் அழுகிறாள் இல்லையா, அங்கே பெண்கள் எல்லோரும் சேர்ந்து அழுதார்கள். ஒருத்தி ராகம் போட்டு ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டாள். அதுவரை சரி. அவர் உயிர் போனதும் அந்தக் கிழவி, வெள்ளையம்மா என்று பெயர், முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். எங்கே போகிறாய் பாட்டி, படம் இன்னும் இருக்கிறது என்றேன். "சாவு பாத்தாச்சும்மா. தலைக்கு ஊத்தாம ஊட்டுக்குள்ள எப்படிப் போறது?" என்றாள். அவள் எழுந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்தது. குளிக்கப் போனவர்கள் போனவர்கள்தான். அவர் உயிர்த்தெழுந்து வந்தபோது திரைக்கு முன்னால் நானும் ஜெனரேட்டர் சென்றாயனும் ஒரு நாயும் இருந்தோம்.

மூன்று ஊரில் இப்படியே. உயிர்த்தெழுந்ததைப் பார்க்காவிட்டால் இந்தப் படத்தை எதற்கு ஓட்டுவது? பெங்களூர் மிஷன் ஆபீஸில் கேட்டால் என்ன சொல்வேன்? இந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத்தான் தெரியும். ஒரு யோசனை சொல்லுங்கள்.

அன்புத் தங்கை,
தமிழ்செல்வி


பேரிகை
20.06.2025

அன்பான செல்விக்கு,

உன் மேல் சாந்தி உண்டாகட்டும். அல்ஹம்துலில்லாஹ், எல்லோரும் நலம். இரம் ஓசூர் காலேஜில் இரண்டாம் வருஷம் போகிறாள். அவர் தக்காளி மண்டிக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார், முட்டி வலியோடு. பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பள்ளிக்கூடம் திறந்தால் தையல்காரிக்குச் சோறு தின்ன நேரமில்லை. எழுபத்திரண்டு யூனிஃபார்ம் தைத்தேன். இன்னும் விரல் மரத்துக் கிடக்கிறது.

உன் கடுதாசியைக் கடையில் உட்கார்ந்து படித்துத் தனியாகச் சிரித்தேன். துணி கொடுக்க வந்த சாந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். ஏன் செல்வி, இத்தனை வருஷம் இந்தப் பக்கம் குப்பை கொட்டியும் இது தெரியவில்லையா? சாவு பார்த்தவள் தண்ணீர் ஊற்றாமல் எப்படி அடுத்த வேலை பார்ப்பாள்? திரைக்குப் பக்கத்தில் ஒரு டிரம்மில் மஞ்சள் தண்ணீர் கரைத்து வை. தலையில் தெளித்துக்கொண்டு அங்கேயே உட்காரட்டும். உன் ஆபீஸ்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளித்தால் சுளிக்கட்டும்.

ஒன்று நினைத்துப் பார்த்தேன். அந்த ஜனங்களுக்கு அவர் செத்ததோடு கதை முடிந்தது. உனக்கு அவர் செத்துப் பிழைத்தவர். எங்களில் ஈஸா நபி கொல்லப்படவே இல்லை, அல்லாஹ் தன் பக்கம் உயர்த்திக்கொண்டான். ஒரே படத்தில் ஆளுக்கொரு இடத்தில் எழுந்து போகிறோம். இவர் அன்றைக்கே சொன்னார், "மர்யம் அம்மா பேசுறதுதானே, பேசிட்டு வா. நபியா நடிக்கிறவன மட்டும் பாக்காத" என்று. நான் பார்க்கவில்லை என்பது உனக்கே தெரியும். காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், நீ என் கையில் இரண்டு தட்டுத் தட்டினால் பேசினேன், கையை அழுத்தினால் நிறுத்தினேன். மலை ஊர்களில் மட்டும்தான் ஓட்டுவேன், பெயர் போடமாட்டேன் என்று நீ சொன்னதையும் நம்பித்தான் வந்தேன்.

ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஊரே ஒப்பாரி வைக்கிற அளவுக்கு நான் எங்கே அழுதேன்? "மெதுவா அக்கா, உதட்டுக்கு ஒத்து வரணும்" என்று நீ மூன்று தடவை நிறுத்தினாய். நான் விசும்பினதைக் கேட்டா அவர்கள் அழுதார்கள்? ஏதோ மிஷினில் பெரிசாக்கிவிட்டாய் போல.

உடம்பைப் பார்த்துக்கொள். சனிக்கிழமை ஓசூர் போனால் உன் வீட்டுக்காரர் மாரிமுத்துவுக்கு நல்லதாக ஏதாவது சமைத்துப் போடு, பாவம்.

உன் அக்கா,
ஷரீஃபுன்னிசா


நாட்றாம்பாளையம்
09.07.2025

அன்புள்ள ஷரீஃபாக்காவுக்கு,

மஞ்சள் தண்ணீர் பலித்துவிட்டது. சென்றாயன் நீல டிரம் ஒன்றைத் திரைக்கு இடது பக்கம் வைத்தான். உயிர் போகிற இடம் வந்ததும் படத்தை நிறுத்துகிறேன். வரிசையாக வந்து தலையில் தெளித்துக்கொண்டு, குழந்தைகளுக்கும் தெளித்துவிட்டு, போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். மிச்சத்தை ஓட்டுகிறேன். முதல் நாள் அவர் கல்லறையிலிருந்து வெளியே வந்ததும் வெள்ளையம்மா திரும்பி என்னைக் கேட்டாள்: "உசுரோட வந்துட்டாருன்னா தீட்டே இல்லியேம்மா. அப்புறம் எதுக்கு எங்களுக்குத் தண்ணி தெளிச்ச?" வேதப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்ததில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை அக்கா.

அந்த வெள்ளையம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து ஊர் எங்கே ஓட்டினாலும் நடந்தே வந்துவிடுகிறாள். இதுவரை ஆறு தடவை பார்த்துவிட்டாள். அவளுக்கு இயேசுவிடம் ஒன்றும் வேண்டியதில்லை, முனியப்பனே போதும் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். மரியாள் அழுவதைக் கேட்கத்தான் வருகிறாள். அவள் மகன் கர்நாடகாவில் கல் குவாரி வேலைக்குப் போன இடத்தில் செத்துப்போனானாம். பத்து நாள் கழித்துத்தான் தகவல் வந்தது. அங்கேயே புதைத்துவிட்டார்கள். உடம்பைப் பார்க்காததால் அவளால் அழவும் முடியவில்லை. "யார முன்னாடி போட்டு அழறது?" என்கிறாள். இங்கே வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்து மரியாளோடு சேர்ந்து அழுகிறாள். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது நடிப்பு இல்லம்மா. அந்தப் பொம்பளைக்கு நெசமாவே புள்ள செத்திருக்கு" என்றாள்.

நான் கையை விடுவித்துக்கொண்டு ஒயரைச் சுருட்டப் போனேன்.

பெங்களூர் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். டிரம்மைப் பார்த்து முகம் சுளித்தார்கள், நீங்கள் சொன்ன மாதிரியே. ஆனால் கூட்டத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டார்கள். அந்த அழுகை வருகிற இடத்தை மட்டும் வெட்டிச் செல்போனில் அனுப்பலாமா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சோடு சரி என்று நினைக்கிறேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஜனங்கள் ராகி விதைக்கப் போய்விட்டதால் இரண்டு நாள் படம் இல்லை. அண்ணன் முட்டிக்கு இந்த ஊர் நாட்டு வைத்தியரிடம் ஒரு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். வரும்போது தருகிறேன்.

அன்புத் தங்கை,
தமிழ்செல்வி


பேரிகை
24.07.2025

செல்விக்கு,

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. இப்போது எனக்கே பதில் கிடைத்துவிட்டது.

நேற்று சாயங்காலம் இரம் காலேஜிலிருந்து வந்தவள் பையைக் கூட இறக்காமல் என் முன்னால் நின்றாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த கம்பெனிப் பெண் ஒருத்தி செல்போனில் எதையோ வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். எங்கள் வீட்டுப் போன் நேற்று இவள் கையில் இருந்தது, அதில் வாங்கி வந்திருக்கிறாள். "அம்மா, இது உங்க குரல்" என்றாள். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் வைத்துக் காட்டினாள். அரை நிமிஷம் இருக்கும். அதற்கு மேல் கேட்க முடியாமல் நானே பிடுங்கி அணைத்தேன்.

அது நான் மரியாளுக்காக அழுதது இல்லை. உனக்குத் தெரியும்.

அஜாஸ் போய் மூன்று வருஷம். சூளகிரி ஹைவேயில் லாரிக்காரன் அடித்துப் போட்டுவிட்டுப் போனான். டூட்டி முடிந்து வந்துகொண்டிருந்த பிள்ளை, இருபது வயசு. அன்றைக்கு என் வீட்டில் நீ இருந்தாய். அவன் மய்யித்தை அடக்கத்துக்கு எடுக்கிற வரை நான் ஒரு சத்தம் விடவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று பக்கத்துத் தெருவில் பேசினார்கள். கண்ணில் தண்ணீர் வரலாம், அதற்குத் தடையில்லை. கூப்பாடு போட்டு அழக் கூடாது, அழுதால் கபர்க் குழியில் இருக்கிற மய்யித்துக்கு வேதனை என்று எங்களில் சொல்வார்கள். யார் எப்படி எடுத்துக்கொள்கிறார்களோ, நான் அதை நம்புகிறேன். என் பிள்ளைக்கு நான் கடைசியாகச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். சத்தம் போடாமல் இருப்பது. மூன்று வருஷம் செய்தேன். குளிக்கிற இடத்தில் கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

குரலைப் பதிவு செய்த அந்த அறையில் நீ என் கையை அழுத்தினாய். முடிந்தது என்று நினைத்தேன். சுவரெல்லாம் முட்டை அட்டை, ஜன்னலில் மெத்தை. உள்ளே இடி இடித்தாலும் வெளியே கேட்காது என்று நீதான் சொன்னாய். 'என் மகனே' என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருந்ததை நாலு தடவை சொல்லிச் சொல்லி எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நீ என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு தடவைதானே, மன்னித்திருப்பான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு தடவை இல்லை போலிருக்கிறதே செல்வி. நீ திரை கட்டின ஊரிலெல்லாம் நான் அழுதிருக்கிறேன். பஸ்ஸில் முன்பின் தெரியாதவள் கையில் அழுகிறேன். இப்போது நான் தைத்துக்கொண்டிருக்கும்போது கூட எங்கேயோ அழுதுகொண்டிருக்கிறேன். நீ ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அது என் பிள்ளை மேல் போய் விழுமா, விழாதா? யாரைக் கேட்பேன் இதை? பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவரிடம் இன்னும் சொல்லவில்லை. இரமை வாயைத் திறக்காதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

அதை எடுத்துவிடு. ஒரு துளி மிச்சம் இல்லாமல் எடு. அது எப்படிப் படத்துக்குள் போனது என்று உள்ளதை உள்ளபடி எழுது.

ஷரீஃபுன்னிசா


நாட்றாம்பாளையம்
06.08.2025

ஷரீஃபாக்காவுக்கு,

இது நாலாவது தடவையாக எழுதுகிறேன். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன். அவற்றில் எல்லாம் நான் நல்லவளாக இருந்தேன்.

கையை அழுத்தினேன். பட்டனை அமுக்கவில்லை. நீங்கள் உடைந்துபோனதும் உங்களைப் பிடித்துக்கொண்டேன், மிஷின் ஓடுவது எனக்கு நினைவில் இல்லை. அது முதல் அரை நிமிஷம். அதற்கப்புறம் மறதி இல்லை. சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டேதான் உங்கள் முதுகைத் தடவினேன். கை நீட்டினால் எட்டுகிற தூரம். நீட்டவில்லை.

உங்களிடம் சொல்லியிருக்கலாம். மறுநாளே கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. நீங்கள் முதலில் பேசின அழுகை நடிப்பாக இருந்தது அக்கா. நான் மூன்று தடவை நிறுத்தினதற்கு உதடு காரணமில்லை. பிறகு இது கிடைத்ததும், ஆண்டவரே கொடுத்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் திருட்டுக்கு அவர் பெயரை வைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் மறுபடியும் பொய். அந்த அழுகையில் இரண்டு இடத்தில் நீங்கள் அஜாஸ் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். மரியாள் வாயில் அந்தப் பெயர் வரக் கூடாதே. நானே உட்கார்ந்து இரண்டு இடத்திலும் வெட்டி எடுத்தேன். வெட்டினது தெரியாமலிருக்க அங்கே காற்றுச் சத்தத்தை வைத்தேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே பஸ் பிடித்து ஓசூர் போய், அங்கிருந்து பெங்களூர் போனேன். அவர்கள் போட்டிருந்ததை எடுக்க வைத்தேன். சண்டை போட்டுத்தான் எடுத்தார்கள். ஆனால் ஏற்கனவே வாங்கிக்கொண்டவர்கள் போனில் இருப்பதை என்னால் பிடுங்க முடியவில்லை. படம் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். என்னிடம் படம் ஏற்றின மெமரி கார்டு நாலு இருக்கிறது, நாலையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

வெள்ளையம்மா நேற்று வந்தாள். "ஏம்மா படம் இல்ல? அந்தம்மா அழறத நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டாள். அது அவங்க சொந்த அழுகை பாட்டி, நான் கேட்காமல் எடுத்துட்டேன் என்றேன். "கேட்டுக் குடுத்தாங்கன்னா ஓட்டு, இல்லன்னா வேணாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். உங்கள் மனசை மாற்ற இதை எழுதவில்லை. நடந்ததை எழுதச் சொன்னீர்கள், இதுவும் நடந்தது.

நீங்கள் ஒரு வரி போட்டால் போதும், எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தமிழ்செல்வி


பேரிகை
19.08.2025

தமிழ்செல்விக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. ஐந்து நாள் உன்னைத் திட்டிக்கொண்டே தைத்தேன். ஒரு ஜாக்கெட்டைக் கழுத்து மாற்றி வெட்டி, துணிக்காரிக்குப் புதுசு வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆறாம் நாள் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "பேரு வர்ற இடம் ரெண்டையும் எடுத்துட்டாளா, நல்லா கேட்டுக்கிட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். வேறெதுவும் கேட்காமல் பிள்ளையை அடக்கின கபர்ஸ்தானுக்குப் போய் வந்தார். திரும்பி வந்ததும் எனக்கு அவரே டீ போட்டுக் கொடுத்தார், கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக.

அதற்கப்புறம்தான் நானும் யோசித்தேன். என் பிள்ளை பெயர் அதில் இல்லை. பெயரில்லாமல் போகிற அழுகை எப்படி அவன் வீட்டு வாசலைக் கண்டுபிடிக்கும்? நீ அவனை அதிலிருந்து வெட்டி எடுத்தாய். அவனைக் காப்பாற்ற நீ அப்படிச் செய்யவில்லை. ஆனாலும் அவன் தப்பித்துக்கொண்டான் என்றுதான் என் மனசு சொல்கிறது. இது சரியா தப்பா என்று கற்றவர்கள் சொல்லட்டும். எனக்கு இப்போது தூக்கம் வருகிறது.

அதனால் அதை அழிக்க வேண்டாம். மிச்சமிருப்பது வெறும் ஒரு தாயின் அழுகை. வெள்ளையம்மா வைத்துக்கொள்ளட்டும். கேட்டுக் கொடுத்தாள் என்று அவளிடம் சொல். நான் கொடுப்பது அவளுக்கு. உனக்கோ உன் ஆபீஸுக்கோ இல்லை. மலையில் ஓட்டு, போனில் யாருக்கும் போகக் கூடாது.

இனி நீ எனக்கு எழுத வேண்டாம் செல்வி. வெறுப்பில் சொல்லவில்லை. அஜாஸ் மய்யித்து கிடந்த அன்றைக்கு என் வீட்டில் இருந்த அத்தனை பேரும் சபூர் செய், பொறுத்துக்கொள் என்றார்கள். நீ மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அதனால்தான் உன் முன்னால் மட்டும் என்னால் அழ முடிந்தது. இனிமேல் உன்னிடம் ஒரு நல்லது கெட்டது பேசினாலும், இதை என்ன செய்வாளோ என்று தோன்றும். அப்படி நினைத்துக்கொண்டு உன்னிடம் பழக எனக்கு வராது. எண்ணெயை மாரிமுத்துவுக்கே தேய்த்துவிடு.

கடைசியாக ஒன்று. வெட்டி எடுத்த அந்த இரண்டு துண்டும் உன் மிஷினில் எங்காவது கிடக்கும். நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடம். அதை ஒரு கார்டில் போட்டுத் தபாலில் அனுப்பு. உன்னிடம் ஒரு நகல் இருக்கக் கூடாது. நான் அதைப் போட்டுக் கேட்கமாட்டேன், பீரோவில் அவன் சட்டைக்குள் வைத்துவிடுவேன். உறையை இந்தக் கடை விலாசத்துக்கு அனுப்பாதே, வீட்டுக்கு அனுப்பு. மேலே என் பெயர் வேண்டாம். அஜாஸின் அம்மா என்று எழுது, தபால்காரருக்குத் தெரியும்.

ஷரீஃபுன்னிசா